பிஸ்கட் டப்பாவில் இருக்கும் கடிதங்கள்

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். வயது 31. மூன்று மாத வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கிறேன். சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் உள்ள அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வெளிநாட்டில் கற்ற பாடங்களை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 22 சேர்ந்திருக்கின்றன. சிக்னலை இங்கே ரோபோ என்கிறார்கள். அங்கே நிற்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். இருட்டிய பிறகு நடந்து போகக் கூடாது. ஒருவர் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் அவர் இப்போது வரமாட்டார், எப்போது வருவார் என்றும் தெரியாது. இப்படி. இங்குள்ள தமிழர்கள் காவடி எடுக்கிறார்கள், ஆனால் தமிழ் பேசத் தெரியவில்லை. வீட்டுக்காரரின் தாயாருக்கு 84 வயது. அவருக்கு மட்டும் கொஞ்சம் பேச வரும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய தமிழ்க் கடிதங்களைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். வேலைக்குக் கிளம்பும் நேரம் என்பதால் பிறகு பார்க்கலாம் என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. இன்னும் 18 நாளில் ஊர் திரும்புகிறேன். இவ்வளவு கற்றும் இந்த ஊரில் ஒருவரோடும் ஒட்டவில்லை, எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவன் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: தம்பி, தவறவிட்டது எது என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காவடிக்கும் விமான டிக்கெட்டுக்கும் நடுவே அதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். ‘அதன்பின் அவர் கேட்கவில்லை.’

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதே கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பேச ஆளில்லை, ஊரோடு ஒட்டவில்லை. அவர்களில் ஒருவருடைய அறை வாசலுக்கும் 84 வயது அம்மா ஒருவர் கையில் டப்பாவோடு வந்து நின்றதாக நான் படித்ததில்லை. உங்களுக்கு அது நடந்தது. நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

அவர் ஏன் மறுபடி கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுங்கள். படிக்கத் தெரியாத காகிதத்தை ஆயுள் முழுக்கக் காப்பாற்றி வைத்திருக்கிறவர் இரண்டு மாதத்தில் மறக்கமாட்டார். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை தன் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறான் என்று சில நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அன்று காலை வந்திருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்தார். வேலைக்குப் போகிற பிள்ளை, தொந்தரவு செய்யக் கூடாது என்று டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். உங்கள் அம்மாவும் கேட்க மாட்டார், தெரியுமல்லவா?

‘ஜஸ்ட் நவ்’ என்று சொல்லிவிட்டு வராமலே போகிறவர்களைப் பற்றிப் பாடம் எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவிடம் நீங்கள் சொன்ன ‘பிறகு பார்க்கலாம்’ வேறு என்ன?

அடுத்து, அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபமே வந்தது. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். வேலை நிறுத்தம் செய்து, சிறைக்குப் போய், 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. அப்படிப்பட்ட நிலையிலும் கோயில் கட்டினார்கள், தமிழ் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் வைத்தார்கள், யாரிடமும் கையேந்தாமல்.

அதன்பின் 1950இல் இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற சட்டம் வந்தது. நீங்கள் வாடகைக்கு இருக்கும் சாட்ஸ்வர்த் அந்தச் சட்டத்தால் உண்டானது. 1960களில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் பெயர்த்தெடுத்து வந்து அங்கே குடிவைத்தார்கள். உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்போது இருபது, இருபத்தைந்து வயது இருக்கும். அவர்கள் குடும்பமும் அப்படி வந்ததா என்று கேட்டிருக்கிறீர்களா? வந்திருந்தால், எதை எடுப்பது, எதை விடுவது என்று தவித்த வீட்டில் அந்த டப்பாவை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலிருந்தும் கதவு சாத்தித்தான் இருந்தது. அங்கே இந்தியர்களை நடத்திய விதத்தைக் கண்டித்து 1946இல் இந்தியா வணிகத் தொடர்பை முறித்துக்கொண்டது. நியாயமான காரியம்தான். இந்தப் பாஸ்போர்ட் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று நம் பாஸ்போர்ட்டிலேயே போட்டிருந்த காலம் உண்டு. தூதரக உறவு திரும்பியது 1993இல். அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்களில் கடிதம் நின்றுபோயிருக்கும்! கடிதம் எழுதவும் படிக்கவும் ஆளில்லாமல் போன வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போனார்கள். மொழி போன பிறகும் ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள், புரட்டாசியில் விரதம் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல உங்களுக்கும் எனக்கும் என்ன தகுதி இருக்கிறது? நமக்குத் தமிழ் உழைக்காமல் கிடைத்தது.

என் சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பத்து வயதில் எங்கள் தெருவுக்கு நான்தான் கடிதம் படிக்கிறவள். எதிர்வீட்டு ஆயாவின் மகன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஒருநாள் ஆயா நீலநிற விமானக் கடிதத்தோடு வந்தபோது, விளையாடிவிட்டு வந்து படிக்கிறேன் என்று ஓடப் பார்த்தேன். அம்மா என் சடையைப் பிடித்து நிறுத்தினார். “அவள் பிள்ளை வாசலில் நிற்கிறான். உள்ளே கூப்பிடாமல் எங்கேடி ஓடுகிறாய்?” என்றார். அம்மா அடித்ததெல்லாம் மறந்துவிட்டது. இந்த வார்த்தை மறக்கவில்லை. கடிதம் படிக்கச் சொல்லி ஒருவர் வந்தால் அது உதவி கேட்பது ஆகாது. உங்களைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம். ஊரோடு ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒட்டுவதற்கு வந்த கையைத் தட்டிவிட்டவர் நீங்கள்.

இந்தப் பதில் இதழில் வரும்வரை காத்திருந்தால் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். அதனால் இன்றே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வேலை நாளில் அவசரமாகப் போய் நிற்காதீர்கள். வரும் சனிக்கிழமை காலை போங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள். காரணம் சொல்லாமல் கேளுங்கள்.

பழைய கையெழுத்து உங்களைத் திணறடிக்கும். பல பேர் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘க’வா ‘க்’கா என்று வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும். ‘லை’, ‘னை’, ‘றா’ போன்ற எழுத்துகள் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில், சுழித்துக்கொண்டு இருக்கும். தேதி இருக்கும் இடத்தில் தமிழ் வருடத்தின் பெயர் இருக்கலாம். விரோதி வருடம் என்றிருந்தால் 1949 சித்திரையிலிருந்து 1950 பங்குனி வரை. எண்கள் தமிழ் எழுத்தாக இருந்தால் ‘க’ ஒன்று, ‘உ’ இரண்டு. கடிதத்தின் மூலையில் கறுப்பு தடவியிருந்தால் அது சாவுச் செய்தி. மனத்தைத் தயார்செய்துகொண்டு படியுங்கள். எதையும் விழுங்கிவிட்டுச் சுருக்கிச் சொல்லாதீர்கள். ‘நாங்கள் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். பணம் கேட்டுக் கெஞ்சியிருக்கலாம், நிலத்தகராறு இருக்கலாம், ஏன் பதில் போடவில்லை என்று திட்டியிருக்கலாம். 84 வயதுக்காரரிடம் எதை மறைக்கப்போகிறீர்கள்? அவர் பார்க்காத சாவா?

முதலில் அவர் ஒருவருக்கு மட்டும் படியுங்கள். கடிதங்கள் அவருடையவை. பேரப்பிள்ளைகளைக் கூப்பிடலாமா என்று பிறகு கேளுங்கள். சரி என்றால், அவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். உறவுப் பெயர்களையும் ஊர்ப் பெயரையும் மட்டும் தமிழ் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். உறையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கொடுங்கள். முத்திரையில் தபால் ஆபீசின் பெயர் இருக்கும். வட ஆற்காடு ஜில்லா என்றிருந்தால் இன்றைய வரைபடத்தில் தேடிப் பயனில்லை. 1989இல் பிரிந்து, 2019இல் மறுபடி பிரிந்து, இப்போது அது திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்காகிவிட்டது. தாலுகாவைப் பாருங்கள்.

உங்கள் சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் ஒரு ‘பிறகு’ வாங்கியிருக்கிறார். ஊர் திரும்பியதும், ஒரு வார்த்தையும் சொல்லாமல், கோவையிலிருந்து இரவு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போய் விசாரியுங்கள். ஏதாவது தெரிந்தால் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பாட நோட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். கார்க் கண்ணாடியை ஏற்றச் சொல்ல உங்கள் அலுவலக டிரைவரே போதும்.

உங்களுக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகளாவது இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி கொடுத்தாலும் அவர் காலடியில் தரையில் உட்காருங்கள். ஆயா என்று கூப்பிடுங்கள். ஒரு வரி படித்ததும் நிறுத்தி அவர் முகத்தைப் பாருங்கள். புரியாத சொல்லுக்கு எளிய சொல் சொல்லுங்கள். படித்த கடிதத்தையே மறுபடி படிக்கச் சொன்னால், மறுபடி படியுங்கள்.