மனைவியின் பிறந்தநாளுக்கு டேஸ்டிங் மெனு உணவகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கொடுக்கும் காசுக்குத் தகுமா?

நான் என் கணவரை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனேன். உணவகமே முடிவுசெய்த சின்னச் சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விருந்து அது. 2023 செப்டம்பர், அவருடைய 50ஆவது பிறந்தநாள். எங்கள் வீட்டு வரவுக்கு அது பெரிய செலவுதான். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். எங்களுக்குத் தகுந்தது. ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூக்குக்கு வாசனை மட்டும் திரும்பவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் சாம்பார் எது, வத்தக்குழம்பு எது என்று சொல்ல முடியவில்லை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுவது அது. அது போய்விட்டால் சாப்பாட்டில் நாக்குக்குத் தெரியும் அந்த நாலும், சூடும் காரமும் மட்டும்தான் மிச்சம். நாலைந்து மாதம் கழித்து வாசனை வர ஆரம்பித்தது, அதுவும் தப்பும் தவறுமாக. டிகிரி காப்பியில் ரப்பர் கருகும் நாற்றம் அடிக்கிறது என்றார். நான் வெங்காயம் வதக்க ஆரம்பித்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். கொரோனா வந்தவர்களில் பலருக்கு இப்படி ஆகிறது, காப்பியும் வெங்காயமும் பூண்டும்தான் அதிகம் மாறித் தெரியும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மருத்துவர் தந்தது ஒரு பயிற்சி. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் தினம் காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றாக 20 நொடி முகர வேண்டும். முகரும்போது அதன் பழைய வாசனையை மனதில் கொண்டுவர வேண்டும். ஜெர்மனியில் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்ட முறை. எங்கள் வீட்டில் ஒரு பன்னீர் புட்டி, நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், நாலு கிராம்பு. 3 மாதம் என்று ஆரம்பித்ததை ஒன்றரை வருடம் செய்தோம்.

நடுவில் 2022 பிறந்தநாளுக்கு ஒரு ஓட்டலில் பஃபே சாப்பிடக் கூட்டிப்போய்த் தப்பு செய்தேன். அத்தனை பதார்த்தங்களின் வாசனையும் ஒரே கூடத்தில். அவர் தயிர்சாதம் மட்டும் போட்டுக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கும், எனக்குத்தான் ஒண்ணும் பிடிபடல" என்றார். அப்போதே தோன்றியது, இவருக்கு வேண்டியது ஒரு நேரத்தில் ஒன்று.

டேஸ்டிங் மெனு அதைத்தான் செய்கிறது. வாழை இலையில் உப்பு முதல் பாயசம் வரை எல்லாம் கண்முன் இருக்கும், எதை எதோடு சேர்ப்பது என்பது நம் கை. பிரான்சிலும் ஒரு காலத்தில் பெரிய விருந்துகளில் பல வகைகளை ஒன்றாகப் பரப்பித்தான் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய வழக்கத்தைப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். டேஸ்டிங் மெனுவும் அப்படித்தான்: இரண்டு மூன்று வாய், தட்டு போகும், சிறிது இடைவெளி, அடுத்தது வரும். பசி தீருமா என்று பலர் கேட்கிறார்கள். தீரும். ஏழு தட்டு முடிந்தபோது எங்களுக்கு வயிறு நிறைந்திருந்தது.

சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலில் இருக்கும் ஆவர்த்தனா உணவகத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். 2017இல் திறந்தது. தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆவர்த்தனம் என்று பெயர், பாட்டுப் படித்தவர்களுக்குத் தெரியும். 7, 9, 11, 13 என்று தட்டுகளின் எண்ணிக்கைப்படி மெனு, சைவமும் உண்டு அசைவமும் உண்டு. நாங்கள் போன 2023இல் ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் அது 30ஆவது இடத்தில் இருந்தது. நான் போனது பட்டியலைப் பார்த்து இல்லை. அங்கே எல்லாம் நம் தென்னாட்டுச் சமையலை வைத்துச் செய்வது. முக்கியமாக, ரசம் உண்டு. என் கணவர் ரசத்துக்குப் பிறந்தவர். "ரசம் குடிக்க ஓட்டலுக்கா? நீ வெச்சாப் போதாதா?" என்று கடைசி நாள் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ரசத்தைத் தக்காளியை வடித்துச் செய்கிறார்கள். பார்க்கக் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். காப்பி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் சாடியில் கொத்தமல்லியோடு ஊறவிட்டு, மேசையிலேயே அமுக்கி, மது ஊற்றும் கோப்பை போன்ற ஒன்றில் ஊற்றித் தருகிறார்கள். கண்ணுக்கு அது ரசமே இல்லை. அவர் கோப்பையைத் தூக்கினார், குடிக்கவில்லை. காலையும் மாலையும் வீட்டில் செய்வது போலவே மூக்கருகில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் உள்ளுக்குள் எண்ணினேன், 20 வரை. "கொத்தமல்லி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மிளகு." அப்புறம், "தக்காளி பச்சையா வாசம் வருது, செடியிலேருந்து பறிச்ச மாதிரி." அவர் குடித்து முடிக்கும் வரை நான் என் கோப்பையைத் தொடவில்லை.

மற்றத் தட்டுகளைப் பற்றி நிறையச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் பார்த்தது அவர் முகத்தைத்தான். கடைசியில் முட்டை போலவே தோற்றமளிக்கும் பன்னகோட்டா என்ற இத்தாலியப் பாலேட்டு இனிப்பு வந்தது. வாயில் வைத்ததும் "சோம்பு!" என்று பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார்.

நீங்கள் போவதானால் சில விஷயம். ஒவ்வாமை, சாப்பிடக் கூடாதது எல்லாவற்றையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மெனு முன்கூட்டியே கட்டியது, உட்கார்ந்த பிறகு மாற்றச் சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம், கிடைப்பதும் அரைகுறையாக இருக்கும். பெரிய ஓட்டல்களில் மெனு விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டரை மணி நேரமாவது ஆகும், மறுநாள் அதிகாலை வேலை இருந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போவது மேல். சென்ட் அடிக்காதீர்கள். நான் அன்று மல்லிகைகூட வைத்துக்கொள்ளவில்லை. பலர் முன்னால் கேக் வெட்டிக் கைதட்டுவது உங்கள் மனைவிக்குப் பிடிக்காது என்றால் அதையும் முன்னாலேயே சொல்லுங்கள். என் கணவருக்குப் பிடிக்காது, சொல்லியிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் மனைவி எதை ஆசையாகச் சாப்பிடுவார் என்று யோசித்து, அது மெனுவில் எங்காவது இருக்கும் இடமாகப் பாருங்கள். ஏழு தட்டில் ஒன்று அவருக்கென்றே வந்தது போல இருந்தால் போதும்.

நாங்கள் போய்வந்த அடுத்த ஞாயிறு என் கணவர் ஒரு கிலோ தக்காளியை நசுக்கி, உப்புப் போட்டு, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி, சமையலறைக் குழாயில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். காலையில் அடியில் இருந்த பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர், லேசான மஞ்சள் நிறத்தில். நான் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சூடாக்கி, பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். தூக்கலாகத்தான் இருந்தது.