இங்கிலாந்தில் மருத்துவமனையில் இருக்கும்போது பேகன் வழிபாட்டைத் தொடர முடியுமா?

கேள்வி கேட்டவரின் தோழி விக்கா என்ற, இயற்கையை வணங்கும் பேகன் நெறியைப் பின்பற்றுபவர். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக இங்கிலாந்தில் அட்மிட் ஆகப் போகிறார். மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் இல்லாமல் எப்படி வழிபடுவது, நர்ஸ்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு கவலை அவருக்கு. நான் இங்கே எலும்பு மூட்டு வார்டில் நர்ஸ். அதனால் இரண்டாவது கவலைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் நினைக்க மாட்டோம். எட்டு மணி மருந்தைப் பத்து மணிக்குள் கொடுத்து முடிப்போமா என்பதுதான் எங்கள் நினைப்பு.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை ஒட்டியதுதான் பேகன் நெறி. விக்கா, ட்ரூயிட், ஹீதன் என்று பல வழிகள் அந்தக் குடைக்குள் வருகின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதினார்கள். விக்கா என்று தனியாக எழுதியவர்கள் 13,000 பேர். 2010 சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு. ஆனாலும் அட்மிஷன் படிவத்தில் மதம் என்ற இடத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். சூனியக்காரி என்று கிண்டல் செய்வார்களோ என்ற பயம். உங்கள் தோழியைத் தயவுசெய்து அதை நிரப்பச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிகளில் சாப்ளின் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கிறிஸ்தவப் போதகர்தான், ஆனால் எல்லா மதத்தாரையும், மதமே இல்லாதவர்களையும் கவனிப்பது அவர் வேலை. படிவத்தில் எழுதியிருந்தால் அவர் பேகன் தன்னார்வலர் யாரையாவது தேடிப் பார்ப்பார். 1971 முதல் இயங்கும் பேகன் பெடரேஷன் மூலமாகவும் ஆள் கேட்கலாம். எழுதாமல் விட்டால் நாங்களாக ஊகிக்க வழியில்லை.

இனி நெருப்பு. இதில் பேரமே கிடையாது. படுக்கைக்குப் பின்னால் சுவரில் ஆக்சிஜன், கால்மாட்டில் ஆல்கஹால் கலந்த கைகழுவும் ஜெல், தலைக்கு மேலே புகை அலாரம். விபூதி பூசிக்கொள்ளும் நம்மூர்க்காரர்களுக்கும் சூடம் ஏற்ற அனுமதி இல்லையே! பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு போதும். பிளக்கில் சொருகும் விளக்கு வேண்டாம், அதைப் பரிசோதித்து ஸ்டிக்கர் ஒட்டாமல் விடமாட்டார்கள். சடங்கின்போது தன்னைச் சுற்றிப் புனித வட்டம் வரைய வைத்திருக்கும் கத்தியும் வீட்டிலேயே இருக்கட்டும். விரலை நீட்டி வட்டம் வரைந்தாலும் செல்லும் என்று விக்கா நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் வார்டில் இருந்த ஒரு பாட்டி தன் பலிபீடம் முழுவதையும் ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் அடக்கியிருந்தார். காகிதத்தில் மடித்த உப்பு, ஆற்றோரக் கூழாங்கல் ஒன்று, பேட்டரி விளக்கு. தண்ணீருக்கு வார்டு ஜக். மண், நெருப்பு, நீர் ஆயிற்று, காற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உள்ளங்கையில் ஃபூ என்று ஊதிக் காட்டினார். அப்புறம் வடக்கு எந்தப் பக்கம் என்றார். போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தால், அவர் தலைமாடே வடக்கு! நம்மூரில் வடக்கே தலைவைத்துப் படுக்க விடுவார்களா? அவருக்கோ அது மண்ணின் திசை என்று ஏக சந்தோஷம். நான் வாயைத் திறக்கவில்லை.

திரையை இழுத்துக்கொண்டு செய்யலாம். பதினைந்து நிமிடம் வேண்டும் என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொன்னால் முடிந்தவரை உள்ளே வரமாட்டோம். ஆபரேஷன் முடிந்த முதல் நாள் மட்டும் இது நடக்காது, அடிக்கடி ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். வட்டத்துக்குள் யாராவது நுழைய வேண்டியிருந்தால் கையாலேயே ஒரு வாசல் திறந்துவிடும் வழக்கம் இவர்களிடம் இருக்கிறது. ஆகவே நாங்கள் வந்தாலும் பெரிய குற்றமில்லை.

நான் உண்மையில் பயப்படுவது மூலிகைகளுக்குத்தான். கோடைத் திருவிழாவோடு சேர்த்துப் பேசப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூவை மனச்சோர்வுக்கு மாத்திரையாகவோ டீயாகவோ சாப்பிடுபவர்கள் உண்டு. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் வேகத்தை அது குறைத்துவிடும். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டாமலிருக்கத்தான் அப்படிப்பட்ட மருந்துகளைக் கொடுக்கிறோம். எதைக் குடிக்கிறார், எதைப் பூசுகிறார் என்பதை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையிலேயே ஒன்றுவிடாமல் சொல்லிவிடட்டும். அது மூலிகைதானே, மருந்தில்லையே என்று மறைப்பவர்களால்தான் சிக்கல்.

இவர்கள் அணியும் ஐந்து முனை நட்சத்திரப் பதக்கத்தை ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் கழற்ற வேண்டும், நம் பெண்கள் தாலியைக் கழற்றுவதுபோல. எம்ஆர்ஐ என்றால் உலோகம் எதுவுமே கூடாது. ஹெமடைட் என்று விற்கும் கறுப்பு மணிகளில் பல உண்மையில் காந்தம். பக்கத்துப் படுக்கையில் இதயத்துடிப்புக்காகப் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர் இருக்கலாம், அந்த மணிகளையும் வீட்டில் விட்டுவிடலாம். சடங்கின் முடிவில் கேக்கும் மதுவும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால், வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய நேரம் முடியட்டும். மதுவுக்குப் பதில் ஆப்பிள் ஜூஸ்.

இயற்கையை வணங்குகிறவருக்கு ஜன்னல் திறக்காத அறைதான் பெரிய தண்டனை. ஜன்னலோரப் படுக்கை கேட்டுப் பார்க்கலாம், கிடைப்பது அதிர்ஷ்டம். பிசியோதெரபிஸ்ட் ஆபரேஷனுக்கு மறுநாளே, சில சமயம் அன்றைக்கே, எழுப்பி நடக்க வைப்பார். அவரிடம், நான் தோட்டத்து மரம்வரை நடக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்கட்டும். அவர்களுக்கும் நோயாளியை நடக்க வைக்க ஒரு இலக்கு வேண்டும், எழுதிவைத்துக்கொள்வார்கள்.