இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது, இரைச்சல் இசை, அதாவது மெட்டை விட்டு இரைச்சலையே இசையாக்குவது, செய்பவர்கள் ஏன் இன்னும் கசற்றில் வெளியிடுகிறார்கள்?

முதலில் காசு. இசைத்தட்டு அடிக்கத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும், இருபது பிரதிக்காக அங்கே யார் இயந்திரத்தை ஓட்டுவார்கள்? கசற் என்றால் இரண்டு கசற் டெக்கும் ஒரு வயரும் போதும், வீட்டு மேசையிலேயே பிரதி எடுக்கலாம், கேட்கப் பத்துப்பேர்தான் என்றால் பத்தோடு நிறுத்தலாம். ஜப்பானில் மெர்ஸ்போ என்ற பெயரில் இரைச்சல் இசை செய்யும் மசாமி அக்கிற்றா 1979 இல் தொடங்கிய 'லோவஸ்ற் மியூசிக் அன்ட் ஆர்ட்ஸ்' அப்படி ஓடிய சின்ன லேபல்தான், அதாவது இசை வெளியீட்டகம். வீட்டில் பதிந்த கசற், படங்களை வெட்டி ஒட்டிப் போட்டோக்கொப்பி எடுத்த அட்டை, அதைத் தபாலில் அனுப்பி மற்றவர்களின் கசற்றை மாற்றாக வாங்குவது. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, ஒலி? கசற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் நகரும், அகலம் நாலு மில்லிமீற்றர்கூட இல்லை. அதனால் அடியில் ஒரு 'ஸ்ஸ்' கேட்டுக்கொண்டே இருக்கும், பிரதியிலிருந்து பிரதி எடுத்தால் இன்னும் கூடும். பாட்டுக்கு அது குறை. இரைச்சலையே இசையாக எடுப்பவருக்கோ அதுவும் ஒரு வாத்தியம்.

இதை நான் விளங்கிக்கொண்டது யாழ்ப்பாணத்தில், மாமா வீட்டு முற்றத்தில். 1990 இல் போரால் குடாநாட்டில் கரண்ட் நின்றது, பற்றறிக்கும் தடை, ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடரை ஓடவிடுவோம். மாமாவிடம் கோயில் திருவிழாவில் அவரே பதிந்த நாதஸ்வர தவில் கசற் ஒன்று இருந்தது. தவறியும் யாரும் மேலே சினிமாப் பாட்டுப் பதியக்கூடாதென்று அதன் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் காது இரண்டையும் ஸ்குறூ டிறைவரால் உடைத்து வைத்திருந்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை உளைந்து வேகம் குறைந்தால் நாதஸ்வரம் அப்படியே கீழே வழுகும், தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகப் பிரிந்து, பெருத்து, ஈரமண்ணில் தேங்காய் விழுவதுபோலக் கேட்கும். "ஒரே அளவாய்ச் சுத்தடா!" என்று மாமா கத்துவார். நான் சில நேரம் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினேன், அந்த இழுபட்ட ஒலி எனக்கு அவ்வளவு பிடித்தது. பல வருடங்களுக்குப் பிறகு இரைச்சல் இசைக் கசற் ஒன்றை முதன்முதலாகக் கேட்டபோது அது எனக்குப் புதிதாகவே இருக்கவில்லை.

1995 இடப்பெயர்வில் மாமாவின் கசற் வீட்டோடு போய்விட்டது. அதில் நாதஸ்வரத்துக்கு நடுவே வெடிச்சத்தமும், யாரோ ஒரு பிள்ளை கச்சானுக்கு அழுவதும் இருந்தன. அப்படியொன்றை இருபது பிரதி எடுத்து இருபது வீட்டுக்குக் கொடுத்திருந்தால் ஒன்றாவது மிஞ்சியிருக்கும், ஒரு சின்னக் கசற் லேபல் இங்கே வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். உங்கள் வீட்டில் பழைய டெக் கிடந்தால் எறியவேண்டாம். மோட்டார் சுற்றியும் நாடா நகராவிட்டால் பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட்தான் போயிருக்கும், அதை மாற்றலாம், பிறகு நாடா உரசிப்போகும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.