கோபத்தோடு ஜெபிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் போய் வந்துகொண்டிருந்தோம். வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன், நடந்தும் போனேன். அவர் பிழைக்கவில்லை. இப்போது மாமியார், நான், என் மகள், மூன்று பேர்தான். மாமியார் ராத்திரி ஜெபமாலை சொல்லாமல் படுப்பதில்லை. எனக்கோ மண்டியிட்டால் வாய் வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஒரு ஜெபக்கூட்டத்தில், உனக்கு விசுவாசம் போதவில்லை என்றார்கள். இன்னொருவர், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்தே தீரும், ஜெபமும் அப்படித்தான் என்றார். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராமலே போன வருஷங்கள் உண்டு ஐயா. கோபத்தோடு ஜெபிக்கலாமா? அதற்குப் பலன் இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஜூன் 12 என்று தேதி குறித்து வைத்திருந்தும் மேட்டூர் திறக்காத வருஷங்களைப் பார்த்த ஊர் நம்முடையது. திறந்தாலும் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து உங்கள் வயலுக்கு வருவதற்குள் பயிர் கருகிப்போன கதையும் தெரியும். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கடைமடையில் நின்று அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

விசுவாசம் போதவில்லை என்றவர்கள்மேல் எனக்கு வருத்தம் அதிகம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று வேளாங்கண்ணியில் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், அன்று காலை கடற்கரையில் நின்றவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மாதாவிடம் வேண்டிக்கொள்ள எங்கிருந்தோ வந்தவர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களுடைய விசுவாசத்தை யார் அளந்து பார்த்தது? நேர்ந்துகொண்டு நடந்தும் போன உங்களிடம் விசுவாசக் கணக்குக் கேட்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

கோபத்தோடு ஜெபிக்கலாமா? தாராளமாக. நான் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் வீட்டுப் பிள்ளை, ஜெபமாலை உருட்டிப் பழக்கமில்லை. ஆனால் பைபிளில் இருக்கும் சங்கீதங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. மொத்தம் 150. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று 13ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு நிற்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரைக்கும் விடியவே விடியாது. நன்றி, ஸ்தோத்திரம் ஒன்றும் இல்லாமல் அப்படியே முடிந்துவிடும். அதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருவர்மேல் நம்பிக்கை அற்றுப்போனால் அவரிடம் கோபித்துக்கொள்ளக்கூடத் தோன்றாது. உங்களுக்கு இன்னும் கோபம் வருகிறது.

எங்கள் ஊர்க் கதை ஒன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து அச்சிட்டுவிட்டுப் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத் புத்தகம் வரைக்கும்தான் முடிந்தது. 1719இல் இறந்துபோனார், வயது 36. சங்கீதங்களுக்கு அவர் கை எட்டவே இல்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தவர், அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே.

ரூத் சின்னப் புத்தகம், நாலே அதிகாரம். உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு மாமியாரும் மருமகளும்தான். நகோமி மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு, விதவையான மருமகளோடு பெத்லகேமுக்குத் திரும்பி வருகிறாள். ஊர்ப் பெண்கள் கூடி, இவள் நகோமிதானா என்கிறார்கள். அவள் சொல்கிறாள்: ‘நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்.’ மாராள் என்றால் கசப்பு. நடுத்தெருவில் நின்று ஆண்டவர்மேல் பிராது கொடுக்கிறாள். விசுவாசம் போதவில்லை என்று அங்கே ஒருத்தரும் சொல்வதில்லை. அடுத்த அதிகாரத்தில் மருமகள் கதிர் பொறுக்கப் போகிறாள், சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இருக்கிறது. (நம் பக்கத்தில் அறுப்பு மெஷின் வந்தபிறகு அந்த வழியும் அடைபட்டுவிட்டது, அது வேறு பேச்சு.) உங்கள் வீட்டில் கசந்துபோனவர் மருமகள், தளராமல் நிற்பவர் மாமியார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பலன் உண்டா என்றால், கேட்டது கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு கேட்டதே கிடைக்கவில்லை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தடவை கேட்டார், நீங்கவில்லை. அந்த ராத்திரி சீஷர்களிடம் அவர் கேட்டது, கூட விழித்திருங்கள் என்பதுதான். அவர்கள் தூங்கிப்போனார்கள். உங்கள் மாமியார் தூங்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். மணி உருட்டும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, எண்ணவும் வேண்டாம். உங்கள் பங்கையும் அவர் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. தூக்கம் போய், சாப்பாடும் இறங்காமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது ஜெபத்துக்கு விரோதம் இல்லை.

அப்பா இறந்தபிறகு என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார், எல்லோரும் எழுந்தால் எழுவார், ஆனால் பாட்டுக்கோ ஜெபத்துக்கோ வாய் அசையாது. பக்கத்தில் நிற்கும் அம்மாள் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தைத் திருப்பி, புத்தகத்தை அம்மாவுக்கும் தெரியும்படி சாய்த்துப் பிடிப்பார். ஏன் பாடவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இது நடந்தது. ஒரு ஞாயிறு, பரமண்டல ஜெபத்தின் நடுவில் அம்மாவின் குரல் கேட்டது. ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.’ அந்த ஒரு வரிதான். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ரொம்ப நாள் கழித்து, ஏன் அந்த வரி என்று கேட்டேன்.

“அன்னைக்கு வீட்டுல அரிசி இல்லடா” என்றார்.