'கோ'வின் இறந்த காலம் ஏன் 'வென்ட்'? – வாசகர் கேள்விகள்

கே: 'ஜம்ப்' என்றால் 'ஜம்ப்டு', 'வாக்' என்றால் 'வாக்டு'. 'கோ' மட்டும் 'வென்ட்' ஆனது எப்படி? ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே?

ப: ஒட்டாது. அவை இரண்டும் வெவ்வேறு வினைச்சொற்கள். 'வெண்ட்' என்று ஒரு வினை உண்டு (ஆங்கில நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தில் முடிவது, வேறுபாடு தெரிய 'ண்' போட்டிருக்கிறேன்). திரும்புதல், ஒரு வழியைப் பிடித்துப் போதல் என்பது அதன் பழைய பொருள். வளைதலையும் முறுக்குதலையும் குறிக்கும் 'வைண்ட்' அதன் நெருங்கிய உறவு. 'செண்ட்'–'சென்ட்', 'பெண்ட்'–'பென்ட்', 'ஸ்பெண்ட்'–'ஸ்பென்ட்' போல 'வெண்ட்'–'வென்ட்'. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் விசித்திரம் எதுவும் இல்லை.

'கோ'வுக்குச் சொந்தமான இறந்த காலம் பழைய ஆங்கிலத்திலேயே கிடையாது. அப்போது அந்த இடத்தில் இருந்தது, ஏறக்குறைய 'ஏஓடெ' என்று ஒலித்த வேறொரு சொல். அது தேய்ந்து மறைய, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கு இங்கிலாந்தில் 'வென்ட்' அந்த இடத்தைப் பிடித்தது. ஸ்காட்லாந்தில் 'கே' என்ற வடிவத்திலிருந்து 'கேட்' என்று ஒழுங்காகவே உருவாக்கிக்கொண்டார்கள். பொது ஆங்கிலம் தெற்கத்தி வழக்கை ஒட்டி வளர்ந்ததால் நமக்கு வாய்த்தது 'வென்ட்'. இறந்த காலத்தைப் பறிகொடுத்த 'வெண்ட்' பிறகு 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. இன்று 'வெண்ட் ஒன்ஸ் வே' என்ற தொடரைத் தாண்டி அதைப் பார்ப்பது அரிது.

தமிழில் 'போனான்' வழக்கொழிந்து, 'போகிறான்' என்பதற்கு இறந்த காலம் 'சென்றான்' மட்டுமே என்று ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடந்தது அதுதான்.

கே: இரண்டரை வயதுப் பேத்தி முன்பு 'வென்ட்' என்று சரியாகச் சொன்னாள். இப்போது 'கோடு' என்கிறாள். மறந்துவிட்டாளா?

ப: இல்லை, முன்னேறியிருக்கிறாள். முதலில் 'வென்ட்' என்பதைத் தனிச் சொல்லாகக் கேட்டு ஒப்பித்தாள். இப்போது இறந்த கால விதியைத் தானே கண்டுபிடித்து எல்லா வினைகளிலும் போட்டுப் பார்க்கிறாள். திருத்தம் என்று நிறுத்திச் சொல்லாமல், "யெஸ், ஷி வென்ட்" என்று பதிலிலேயே சரியான வடிவத்தைக் கலந்துவிடுங்கள். போதும்.

கே: 'ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்', 'ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்'. எது சரி?

ப: இரண்டும் சரி. பொருள்தான் வேறு. 'கான்' என்றால் போயிருக்கிறார், ஆள் இன்னும் அங்கே. 'பீன்' என்றால் போய்விட்டு வந்திருக்கிறார். தமிழில் 'வந்திருக்கிறார்' சேர்ந்தால்தான் திரும்பியது தெரியும். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'பீன்' செய்கிறது. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்துகொண்டு 'ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்' என்று சொன்னால், அங்கே இருப்பவர் இங்கே எப்படிப் பேசுகிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சும். 'ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர் ட்வைஸ்' என்று சொல்லுங்கள். போன தேதியையும் சொல்வதானால் இரண்டுமே வேண்டாம்: 'ஐ வென்ட் டு சிங்கப்பூர் இன் 2019'.

'ஈஸ் கான்' என்றும் பார்த்திருப்பீர்கள். அது பிழையல்ல, பழைய இலக்கணத்தின் மிச்சம். இயக்கத்தைக் குறிக்கும் வினைகள் ஒரு காலத்தில் 'ஹேவ்' எடுக்காமல் 'பீ' எடுத்தன. ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். இப்போது 'ஈஸ் கான்' என்றால் 'இல்லாமல் போய்விட்டது' என்ற நிலையைச் சொல்வது: பர்ஸ் காணவில்லை என்றால் 'மை பர்ஸ் ஈஸ் கான்'.

கே: 'பிஃபோர் டூ இயர்ஸ்' என்று எழுதினால் மேலதிகாரி 'டூ இயர்ஸ் அகோ' என்று திருத்துகிறார். 'அகோ' ஏன் பின்னால் வருகிறது?

ப: அதுவும் 'கோ' குடும்பத்துச் சொல் என்பதால். 'அகான்' என்பதே அதன் நீண்ட வடிவம். 'கழிந்துபோன' என்று பொருள். 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், முதலாம் சாமுவேல் நூலில், 'த்ரீ டேஸ் அகான்' என்றே இருக்கிறது. 'இரண்டு வருடம் போயாச்சு' என்ற வாக்கியம் சுருங்கியதுதான் 'டூ இயர்ஸ் அகோ'. எவ்வளவு காலம் என்பது முதலில், போனது என்பது பிறகு. நாம் 'போன வருஷம்' என்கிறோமே, அதே எண்ணம்தான். வரிசை மட்டும் தலைகீழ்.

'பிஃபோர் டூ இயர்ஸ்' என்பது 'இரண்டு வருடங்களுக்கு முன்பு' என்பதை அப்படியே பெயர்த்ததால் வரும் பிழை. இன்னொரு பிழையும் கூடவே வரும்: 'ஐ ஹேவ் மெட் ஹிம் டூ டேஸ் அகோ'. 'அகோ' இருந்தால் 'ஹேவ்' கூடாது. 'ஐ மெட் ஹிம்' போதும். இப்போதிலிருந்து எண்ணினால்தான் 'அகோ'. கதையில் கடந்துபோன ஒரு நாளிலிருந்து இன்னும் பின்னோக்கி எண்ணும்போது 'டூ டேஸ் எர்லியர்'.

கே: 'கோயிங் டு' எப்படி எதிர்காலத்தைக் குறிக்கத் தொடங்கியது?

ப: தமிழர் ஆச்சரியப்பட வேண்டாத விஷயம் இது. 'மழை பெய்யப் போகிறது' என்கிறோம்; மழை எங்கும் நடந்து போவதில்லை. ஒரு வேலையைச் செய்வதற்காகப் போகிறவர், அதை இனிமேல்தான் செய்வார். அந்த 'இனிமேல்' மட்டும் தங்கி, நடை உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இதற்குச் சான்றுகள் கிடைக்கின்றன.

இரண்டு பொருளையும் பிரிக்க எளிய சோதனை உண்டு. எதிர்காலம் என்றால் 'கோனா' என்று சுருக்கலாம்: 'ஐ ஆம் கோனா ஈட்'. உண்மையான பயணம் என்றால் சுருங்காது; 'ஐ ஆம் கோனா மதுரை' என்று எவரும் சொல்வதில்லை. பேச்சில் மட்டும்தான், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

கே: 'கோ டு ஷாப்பிங்', 'கோ டு ஹோம்' ஏன் தவறு?

ப: 'ஹோம்' இங்கே 'வீடு' அல்ல, 'வீட்டுக்கு'. வேற்றுமை உருபு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 'டு' போட்டால் 'வீட்டுக்குக்கு' ஆகிவிடும். ஷாப்பிங் கதை வேறு. 'கோ ஃபிஷிங்' முன்பு 'கோ அ-ஃபிஷிங்' என்று இருந்தது. அந்த 'அ', 'ஆன்' என்பதன் தேய்வு. அதுவும் உதிர்ந்தது. அங்கே 'டு' என்றைக்குமே இருந்ததில்லை.

பலர் கவனிக்காத பிழை இதற்கு அடுத்தது. 'தி. நகருக்கு ஷாப்பிங் போனோம்' என்பதை 'வென்ட் ஷாப்பிங் டு தி. நகர்' என்று எழுதுகிறார்கள். இடம் 'ஷாப்பிங்'கோடு சேரும், 'வென்ட்'டோடு அல்ல. ஆகவே 'வென்ட் ஷாப்பிங் இன் தி. நகர்'.

கே: பால் கெட்டுப் போச்சு, தலை வழுக்கையாப் போச்சு. எல்லாவற்றுக்கும் 'கோ' போடலாமா?

ப: பெரும்பாலும் போடலாம். 'கோ பேட்', 'கோ பால்ட்', 'கோ பிளைண்ட்', 'கோ மேட்', 'கோ ராங்': மோசமான மாற்றம் என்றால் இரண்டு மொழியும் ஒரே வழி. நல்லது நடந்தால் ஆங்கிலம் 'கம்' பக்கம் திரும்பும்: 'கம் ட்ரூ', 'கம் அலைவ்'. ஆனால் 'கோ ஓல்ட்', 'கோ டயர்டு' கிடையாது, அங்கே 'கெட்'. நோய்க்கு 'ஃபால் இல்'. நம் 'போ' இன்னும் தாராளம். 'ரொம்பப் பிடிச்சுப் போச்சு' என்று மகிழ்ச்சிக்கும் வரும். அதை 'கோ'வில் சொல்ல முயல வேண்டாம்.

கே: 'ஐ வில் கோ அண்ட் கம்' தவறா?

ப: இலக்கணப் பிழை எதுவும் இல்லை. 'போயிட்டு வரேன்' என்பதன் நேர் பெயர்ப்பு அது. இந்தியாவிலும் இலங்கையிலும் கேட்பவருக்குச் சட்டென்று புரியும். லண்டனில் கேட்பவர் பத்து நிமிடத்தில் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். அங்கே விடைபெற 'ஐ ஆம் ஆஃப், பை' என்றால் போதும். உண்மையிலேயே திரும்பி வருவதானால் 'ஐ வில் பீ பேக்'.

கே: 'ஃபோர்கோ' என்பதில் நடுவே 'ஈ' வருமா, வராதா?

ப: இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'ஈ' இல்லாதது விட்டுக்கொடுத்தல். அதிலுள்ள 'ஃபோர்', 'ஃபர்பிட்' சொல்லில் இருப்பதுபோல விலக்கலைக் குறிக்கும். 'ஈ' உள்ளது முன்னே செல்லுதல். 'ஃபோர்கான் கன்க்ளூஷன்' என்ற தொடரில் இருப்பது இதுதான். சம்பள உயர்வை வேண்டாம் என்று எழுதும்போது 'ஈ' வேண்டாம். இறந்த காலம் 'ஃபோர்வென்ட்', ஆனால் படிப்பவர் நின்று யோசிப்பார். 'கேவ் அப்' என்று எழுதுவதே வசதி.