மணிக்கு மணி சிறுநீரை ஏன் அளக்கிறார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68, எடை 60 கிலோ. குடலில் அறுவை சிகிச்சை முடிந்து இன்று மூன்றாவது நாள். 1.0 இருந்த கிரியாட்டினின் 1.9 ஆகிவிட்டது. நர்ஸ் மணிக்கொரு தடவை சிறுநீர்ப் பையைப் பார்த்து எழுதுகிறார். தினமும் எடை பார்க்கிறார், காலை அழுத்திப் பார்க்கிறார். தண்ணீரைக்கூட அளந்துதான் தருகிறார். வலிக்குப் போட்டுவந்த ஊசியையும் நிறுத்திவிட்டார்கள். கிட்னி போய்விட்டதா? டயாலிசிஸ் வரை போகுமா?

பதில்: போய்விட்டது என்று சொல்லும் நிலை இது இல்லை. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அது ஒரு வாரத்துக்குள் பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆனாலே அதைத் திடீர் சிறுநீரக பாதிப்பு என்கிறோம். இதில் மூன்று படிகள் உண்டு. அப்பா இருப்பது முதல் படியில். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் டயாலிசிஸ் இல்லாமலே தேறிவிடலாம்.

கிரியாட்டினின் கொஞ்சம் தாமதமாகத்தான் சேதி சொல்லும். சிறுநீரகம் இன்று அடிபட்டால், ரத்தத்தில் அது நன்றாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சிறுநீர் குறைவது பல நேரம் அதற்கு முன்பே தெரிந்துவிடும். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்பது கணக்கு. அப்பாவின் எடைக்கு மணிக்கு 30 மி.லி. இதற்குக் கீழே ஆறு மணி நேரம் தொடர்ந்தால் கவனித்தே ஆகவேண்டும். அதனால்தான் அந்த மணிக்கணக்கு. தயவுசெய்து பையை நீங்களே காலி செய்துவிடாதீர்கள். உதவி என்று நினைத்துச் செய்வீர்கள், நர்ஸின் கணக்கில் அங்கே ஓட்டை விழுந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அறுவை முடிந்த முதல் நாள், வலியாலும் அதிர்ச்சியாலும் உடம்பே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது சிறுநீர் குறைவது தானாகவே நோய் ஆகிவிடாது. எனவே ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதா, நாடி வேகமா, நாக்கு வறண்டிருக்கிறதா, காயத்தில் வைத்த டியூபில் ரத்தம் அதிகம் வருகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். உடம்பில் நீர் போதவில்லை என்றால் சலைன் ஏற்ற வேண்டும். நீர் தேங்கியிருந்தால் அதே சலைன் நுரையீரலில் போய்ச் சேரும். காலை அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பதும், தண்ணீரை அளந்து தருவதும், தினமும் ஒரே நேரத்தில் எடை பார்ப்பதும் இதற்காகத்தான். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை அல்ல, ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒருவருக்குத் திடீரென்று சிறுநீர் சுத்தமாக நின்றுபோனது. நாங்கள் கூடி நின்று ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வயதான ஒரு நர்ஸ் போர்வையை விலக்கினார். சிறுநீர் டியூப் தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது! அதிலிருந்து நான் முதலில் டியூபைத்தான் பார்க்கிறேன், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வலி ஊசி விஷயத்தில் நர்ஸ் செய்வது சரி. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பாராசிட்டமால் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. அதற்காக அப்பா வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை, கேளுங்கள். அவர் வீட்டில் சாப்பிட்டுவந்த எல்லா மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். மூட்டுவலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சூரணம் எதையும் விடாதீர்கள்.

டயாலிசிஸ் பேச்சு எப்போது வரும்? மருந்துக்கு இறங்காமல் பொட்டாசியம் ஏறினால், நுரையீரலில் நீர் கட்டி மூச்சு வாங்கினால், ரத்தத்தில் அமிலம் மிஞ்சினால், கழிவு சேர்ந்து நினைவு தடுமாறினால். இதில் பொட்டாசியம்தான் எனக்குப் பயம். பல நேரம் ஒரு அறிகுறியும் காட்டாமல் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் அடிக்கடி எடுத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். இளநீர், பழச்சாறு இரண்டிலும் பொட்டாசியம் உண்டு, கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

இரவில் அப்பா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கி வழிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குப் போகும்போது கடைசி கிரியாட்டினின் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றினாலும் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட வேண்டும்.