இரவுப் பணிக்காரருக்குச் சத்துப் பவுடர் தூக்கம் தருமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன், வயது 43. சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும் வேலை. இரவுப் பணி முடிந்து காலை ஏழரைக்குப் படுத்தால் பதினோரு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்செரிச்சலும் சோர்வும் தீரவில்லை. 2017-இல் நோபல் பரிசு பெற்ற உடல் கடிகார ஆய்வின்படி தயாரித்தது என்று தெரிந்தவர் ஒருவர் சத்துப் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்த நோபல் பரிசு, பழ ஈக்களின் மரபணுக்களைக் கொண்டு உயிரணுக்களுக்குள் நாள் கணக்கு எப்படி நடக்கிறது என்று விளக்கிய மூவருக்குக் கிடைத்தது. அதில் பவுடருக்கு இடமே இல்லை. இத்தகைய விற்பனையாளர்கள் கையில் பிடிக்கும் ஒரு கருவியைக் கொடுத்து, "உங்கள் உடல் வயது 58" என்று பயமுறுத்தி, பிறகு உங்களையே உறுப்பினராக்கி, உடன் வேலை செய்யும் இருவரைச் சேர்த்துவிடச் சொல்வார்கள். அந்தக் கருவி உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பைத் தோராயமாகக் கணிப்பதோடு சரி, உங்கள் தூக்கத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்குவது இதைவிட ஆபத்து.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு நரம்புத் திரள்தான் நம் நேர ஒழுங்கை, அதாவது உடல் கடிகாரத்தை, நடத்துகிறது; அது முதலில் நம்புவது கண்ணில் விழும் வெளிச்சத்தை. ஆறு மணிக்கு வேலை முடிந்து, கடல் பக்கமிருந்து ஏறும் வெயிலில் வண்டி ஓட்டி வரும்போதே உங்கள் உடலுக்குப் பொழுது விடிந்துவிடுகிறது. ஆகவே கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். ஆனால் கண் சொக்குகிறது என்றால் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள். படுக்கும் அறையின் ஜன்னலைத் தடித்த துணியால் மூடிவிடுங்கள். பதினோரு மணிக்கு விழித்தால் கவலைப்படாமல், மாலையில் ஒன்றரை மணி நேரம் மறுபடி தூங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், இரவு ஒரு மணிக்குப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

இரவில், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் வேலை மந்தமாகும்; அதனால் கனமான சாப்பாடு அப்போது ஆகாது. கேன்டீனில் இரண்டு மணிக்குப் பரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டுக் காலையில் படுத்தால் நெஞ்சும் எரியத்தான் செய்யும். முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துக்கொண்டு, நடு இரவில் பசித்தால் இரண்டு இட்லி, அவித்த முட்டை அல்லது சுண்டலோடு நிறுத்துங்கள்.

ஆனால் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் இந்த நேரமாற்றத்தைத் தாமாகச் செய்யவே கூடாது. மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி, இரவு மூன்று மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றும். வேலைக் களைப்பு என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். இரவுப் பணி வாரத்துக்கென மருந்து நேரத்தைத் தனியாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அவசரப்பட்டாலும் கேட்டு வாங்குங்கள்.

உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகரும். அது முழுதாகப் பழகுவதற்குள் அட்டவணையை மாற்றும் நிர்வாகங்கள், ஆண்டுக்கு ஒருமுறை முகாம் போட்டு ரத்த அழுத்தம் பார்ப்பதோடு கடமை முடிந்தது என்று இருக்கின்றன. தூக்கம் எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காலை, மதியம், இரவு என்ற வரிசை உடலுக்குச் சற்று எளிது. உங்கள் ஷிப்ட் இதற்குத் தலைகீழாகச் சுழன்றால், மாற்றச் சொல்லி சங்கத்தின் மூலம் எழுத்தில் கொடுங்கள்.